பாதியில் வைத்துவிடுபவர்கள்

...அதெப்படி, பிணம் கிடந்த வீட்டுக்காரர்தான் கொலைகாரர் என்று முடிவு கட்டிவிட முடியுமா, ஆனால் நிரல் பாதியில் விழுந்ததைச் சொல்லும் நாற்பத்தொரு கிராஷ் பதிவுகளிலும் கடைசி வரியில் நிற்பது அவள் எழுதிய பகுதியின் பெயர்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஆறு வருடமாக அவள் திறந்து வைத்திருக்கும் கருவி, ஒரு கணினி நிரல் எங்கே நேரத்தைத் தின்கிறது என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. செய்யும் விதமும் எளிதுதான், ஓடுகிற நிரலை நொடிக்கு நூறு தடவை தோளில் தொட்டு நிறுத்தி, இப்போது எங்கே இருக்கிறாய், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும். நிரலுக்குள் ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று அந்த இடத்தின் எண்ணை எழுதி ஒரு சீட்டு வைத்திருக்கும், அந்தச் சீட்டைப் பிடித்தால் அடுத்த சீட்டு, அதிலிருந்து அடுத்தது... அப்படியே போனால் வந்த வழி முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சீட்டில், எங்குமே இல்லாத ஒரு இடத்தின் எண் இருந்தால்? கருவி அந்த இல்லாத இடத்தில் காலை வைக்கும், தான் தொட்டுக்கொண்டிருந்த நிரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

விழுந்தது எந்த நிரலில், ஒரு பெரிய நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் நிரலில். அங்கே மனிதர்கள் யாரும் போனை எடுப்பதில்லை, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குட்டி நிரல் எழுந்து, சொல்வதை எழுத்தாக்கி, விலாசத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டு அணையும், நடுவில் செத்தாலும் அடுத்த அழைப்புக்குக் காவல் நிரல் சத்தமில்லாமல் வேறொன்றை எழுப்பிவிடும். ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்கத்தான் அங்குள்ள பொறியாளர் அவள் கருவியை மாட்டினார், மாட்டிய நாளிலிருந்து கிராஷ் பதிவுகள். இன்று காலை கருவியில் நான்கு வரி சேர்த்து எழுதினாள், சீட்டில் உள்ள எண் நம்பும்படி இல்லையென்றால் அதைத் தொடாமல் தாண்டிப் போ, அவ்வளவுதான். மதியம் அவரே கூப்பிட்டார், "மேடம், ஒரு பதிவுகூட வரல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ல மீதி இருக்கிற பகுதிகளையும் இதுல சேக்கறோம்." அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, எல்லாரும் எங்க நேரத்த விடுறாங்கன்னு உன் கருவி சொல்லுது, நீ எங்க விடுறன்னு யாரு சொல்றது, என்றார். சிரித்தாள், அதோடு விட்டிருக்கலாம், சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பழைய பதிவுகளை ஏன் திறந்தாள்...

ஏனென்றால் அந்த எண்கள். குப்பை என்றால் கண்டபடி அல்லவா சிதறிக் கிடக்க வேண்டும், இவை நாற்பத்தொன்றும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன, கணினி எழுத்துகளை வைத்துக்கொள்ளும் எண்களின் வட்டம். எழுத்துகளா? ஒரு எண்ணை எழுத்தாக மாற்றிப் பார்த்தாள். பின்வாசல். அடுத்தது, மாடிப்படி. அதற்கடுத்தது, கதவு திற, அதற்கு மேல் இடமில்லை, திறந்தே இருக்கிறது என்று கூப்பிட்டவர் சொல்ல வந்தாரோ, திறக்க முடியவில்லை என்று சொல்ல வந்தாரோ... சோறு விரலில் காய்ந்துகொண்டிருந்தது. விலாசத்துக்கு யாரோ ஒரு அளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், கதவு எண்ணும் தெருவும் மட்டும் சொன்னால் போதுமான இடம், மணி அடிக்காது, பின்வாசல் வழியா வாங்க என்று பொறுப்பாகச் சொல்கிறவரின் சொற்கள் அதற்குள் கொள்ளாமல் வழிந்து பக்கத்துச் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அப்படியானால் சீட்டைக் கெடுத்தது கருவியல்ல, கருவி இல்லாவிட்டாலும் அந்தக் குட்டி நிரல் வேலை முடிந்து திரும்பும்போது அதே சீட்டைப் பார்த்து அதே பள்ளத்தில் விழும், ஒரு இமைப்பு தாமதமாக, ஆனால் விலாசம் வண்டிக்குப் போவதற்கு முன்பே. குட்டி நிரல் தானாக விழுந்தால் பதிவு எதுவும் எழுதாது, விழுந்த சத்தத்தைக் கேட்க வைத்தது மட்டும்தான் அவள் கருவி. இன்று காலை அவள் திருத்தியது எதை?

கை கழுவாமலே கூப்பிட்டாள், ஆறு மணிக்கு எதையும் சேர்க்க வேண்டாம் என்றாள். கிராஷ்தான் போயிடுச்சே மேடம், என்றார் அவர், குரலில் இன்னும் அந்த மதியத்துச் சந்தோஷம். குட்டி நிரல் நடுவில் செத்தால் அந்த அழைப்பை உங்கள் கணக்கில் என்னவென்று எழுதுகிறீர்கள் என்று கேட்டாள்.

"அதுவா, பாதில வச்சுடறவங்க. பதட்டத்துல கூப்பிட்டு அவங்களே கட் பண்ணிடுவாங்க. தினமும் பதினஞ்சு இருபது இருக்கும், ரெண்டு வருஷமா இருக்கறதுதான்."

"அவங்க திரும்பக் கூப்பிடறாங்களா?"

"சில பேர் கூப்பிடுவாங்க. ரெண்டு மூணு தடவைகூட. அப்பவும் பாதிலேயே வச்சுடுவாங்க, என்ன மனுஷங்களோ."

எப்படிச் சொல்வது இவரிடம், எங்கிருந்து தொடங்குவது, முதல் தடவை லைன் அறுந்ததும் கூப்பிட்டவர் என்ன நினைத்திருப்பார், சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்றுதானே, மறுபடி எண்ணை அழுத்தி, இந்தத் தடவை நிதானமாக, ஒன்றையும் விட்டுவிடாமல், முன்பைவிட விவரமாக, முன்பைவிட நீளமாக...