நாலரை மீட்டருக்கு இந்தப் பக்கம்

பறவை பார்ப்போர் சங்கத்தில் பல் டாக்டருக்குப் பெயர் ‘காக்கா டாக்டர்’. ஒரு முறை மங்கலான படம் ஒன்றைக் காட்டி, அரிய பறவை என்று அடித்துச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்தால் காக்கை. இப்போது தன் வீட்டு மொட்டைமாடியிலேயே நீலக்கொண்டைப் பறவையைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் படம் காட்டாவிட்டால் அந்தப் பட்டம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அது கூச்ச சுபாவமுள்ள பறவை, கிட்டவே வராது என்று கேள்விப்பட்டிருந்தார். எனவே கையிலிருந்த சின்ன லென்ஸ்களையெல்லாம் கடையில் கொடுத்து, முழங்கை நீளத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். பறவை மிரளாமலிருக்க லென்ஸைச் சுற்றி இலை அச்சிட்ட துணியையும் கட்டினார். அங்கேதான் வந்தது வினை. பறவை வந்தது, மரக்கிளை என்று நம்பி லென்ஸின் முனையிலேயே உட்கார்ந்துகொண்டது.

நீள லென்ஸுக்கு ஒரு குணம். எங்கோ இருப்பதை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தும். பக்கத்தில் இருப்பதைச் சட்டையே செய்யாது. டாக்டருடையது நாலரை மீட்டருக்கு இந்தப் பக்கம் எதையும் தெளிவாகக் காட்டாத ரகம். தன் தலையிலேயே உட்கார்ந்திருப்பதை அது எப்படிப் பார்க்கும்?

“ஏங்க, மொபைல்ல ஒண்ணு எடுத்துடவா?” என்றாள் மனைவி.

“சங்கத்துல மொபைல் படம் செல்லாது. சும்மா இரு, அது பயந்துடும்.”

“அதுவா? உங்க முடியைப் பிடுங்கிக் கூடு கட்டிட்டிருக்கு.”

துணியை உருவப் பார்த்தார். விரலில் நறுக்கென்று ஒரு கொத்து. வேறு வழியின்றி கேமராவை அதன் முக்காலியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பறவையும் சவாரி வந்தது. படுக்கையறை அலமாரியில் ஆளுயரக் கண்ணாடியைக் கண்டதும் டாக்டர் துள்ளினார்.

“கண்ணாடி மூணு மீட்டர்ல இருக்கு. ஆனா அதுக்குள்ள தெரியற பறவை அங்க இல்ல! வெளிச்சம் பறவைகிட்டேருந்து கண்ணாடிக்குப் போய், திரும்பி லென்ஸுக்கு வரணும். போக ஒரு தூரம், வர ஒரு தூரம். அஞ்சு மீட்டருக்கு மேல ஆயிடுச்சு!”

“அப்ப நான் தலை சீவறப்ப ரெட்டை தூரத்துலயா தெரியறேன்?”

“ஆமா!”

“அதான் அழகா இருக்கேன்.”

கண்ணாடியில் தன் உருவம் எடுப்பாக விழாமலிருக்க டாக்டர் கறுப்புச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டார். ஜன்னல்களைத் திறந்து வெளிச்சம் விட்டார். பறவை ஒரு கணம் அசையாதிருந்தபோது அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் படம் விழுந்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. கொண்டையின் ஒவ்வொரு இழையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. இவ்வளவு நீள லென்ஸ், இவ்வளவு அருகில், ஓரிரு விரற்கடை ஆழத்தை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். டாக்டர் கரைந்துபோயிருந்தார்.

“நீலக்கொண்டையேதான், சந்தேகமில்ல,” என்றார் சங்கத் தலைவர். “பின்னாடி கறுப்பா நிக்குதே, அது என்ன?”

“நான்தான் சார்!”

தலைவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இல்ல டாக்டர். காக்கா.”

டாக்டர் பரிதாபமாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையை ஒரு முறையும் அவரை ஒரு முறையும் பார்த்தாள்.

“மூக்கைப் பார்த்தா அப்படித்தாங்க இருக்கு.”