கோரைப் பாத்தியில் இருந்தவை

என் மனைவி எப்சி பொய் சொல்ல மாட்டாள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் அலுப்போடுதான் சொல்கிறேன். என் அக்கா புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கலர் உங்களுக்கு எடுக்கவில்லை அண்ணி என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவாள். நான் வேறு ரகம். பஸ் கண்டக்டரில் தொடங்கி பாஸ்டர் வரை எல்லோரிடமும் சண்டை போட்டாகிவிட்டது. கிருபானந்தம் வருகிறான் என்றால் ஆம்பூரில் பாதிப் பேர் ரோட்டின் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள்.

அப்போது நான் தோல் பதனிடும் டேனரிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எஞ்சினீயர். நிலையத்துக்குப் பின்னால், ஏரிக்குப் போகும் கால்வாய் ஓரம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. டேனரிக்காரர்களின் கமிட்டியில் மல்லுக்கட்டி அதை வாங்கி, சரளை கொட்டி, சேறு பரப்பி, சம்பங்கோரை நட்டு, டேனரித் தண்ணீரை அதன் வழியே விட்டேன். தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்கப் போடும் அம்மோனியம் உப்பால் டேனரித் தண்ணீரில் அம்மோனியா மண்டிக் கிடக்கும். அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒன்று உண்டு. கோரையின் வேரடிச் சேறு அதற்குப் பிடித்த இடம். வந்து குடியேறட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு வருஷத்தில் பாத்தியை விட்டு வெளியேறும் தண்ணீரில் அம்மோனியா பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கண் எரிச்சல் இல்லாமல் கால்வாய் ஓரம் நிற்க முடிந்தது. தவளை வந்தது, தும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கமிட்டித் தலைவர் ஆபித் பாஷா நிதானமான மனிதர். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டவர்களில் அவரும் ஒருவர். அவர்களின் பட்டைத் தண்ணீரும் என் பாத்திக்குத்தான் வந்தது, டிகாஷன் நிறத்தில். பாக்டீரியா தின்னாமல் அம்மோனியா காற்றோடு போயிருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாக்டீரியா உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபித்தால் பக்கத்து நிலத்தையும் தருவதாகவும், இல்லையென்றால் பாத்தியை மூடி லாரி நிறுத்த இடமாக்குவதாகவும் கமிட்டி முடிவெடுத்தது.

அதை நிரூபிக்கத் தெரிந்தவள் சுற்றுவட்டாரத்தில் எப்சி ஒருத்திதான். வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள். இந்த பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது பெரும்பாடு. ஆனால் அம்மோனியா தின்பவை எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கும். சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்த மரபணு இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கும் கருவியில் வைப்பாள். இருந்தால் முடிவில் ஒரு கோடு ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு.

இருட்டாகத்தான் வந்தது. பக்கத்துக் குழாயில் சுத்தமான பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை வைத்திருந்தாள். அது பளிச்சென்று ஒளிர்ந்ததால் கருவியில் கோளாறு இல்லை என்றாள்.

கமிட்டியில் அவளே வந்து சொன்னாள். ஆபித் பாஷா, இன்னொரு வாட்டி பார்க்கலாமா என்று கேட்டார்.

"இன்னொருத்தர் பாத்தியா இருந்தா இதோட நிறுத்தியிருப்பேன் பாய். என் வீட்டுக்காரர் பாத்திங்கிறதுக்காக, வர்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்தா அது டெஸ்ட் இல்ல" என்றாள் எப்சி.

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஜே.சி.பி. வந்தது. கோரையை வேரோடு வாரிப் போட்டு, மண் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மார்க்கெட்டுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனோம்.

நான்கு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் எப்சி ஒரு போட்டோவை என் முன்னால் வைத்தாள். கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு.

"உங்க பாத்திச் சேறுதான்" என்றாள்.

வேறொரு டேனரிச் சேற்றைச் சோதிக்கும்போது, அந்தச் சுத்தமான பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை வேண்டுமென்றே அதில் கலந்து பார்த்திருக்கிறாள். அதுவும் ஒளிரவில்லை. சேற்றில் ஏதோ தடுக்கிறது என்று உறைத்ததும், ஃப்ரீசரில் கிடந்த என் பாத்தியின் டி.என்.ஏ.வை எடுத்து, தடுப்பது வலுவிழக்கட்டும் என்று நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து ஓட்டியிருக்கிறாள். கோடு வந்துவிட்டது.

"பட்டைத் தண்ணிதாங்க. பட்டையில இருக்கிறது புரதத்தப் புடிச்சுக்கும். அதனாலதான தோல் பதமாவுது? என் டியூப்ல மரபணுவப் பெருக்குற என்சைமும் புரதம்தான். அதையும் புடிச்சு வேலை செய்யவிடாம பண்ணிருக்கு." பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "எங்கப்பா கை பட்டைக் கறையில செவந்து கெடந்ததப் பாத்து வளர்ந்தவ நான். எனக்குத் தோணலியே."

எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, மறைப்பானேன். நான் சொன்னது சரி. அந்தச் சந்தோஷம் சாப்பிட உட்காரும்வரைகூடத் தாங்கவில்லை. உயிரோடு இருந்தவற்றின் மேல் கான்கிரீட் போட்டிருக்கிறோம்.

மறுநாள் ஆபித் பாஷாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். கேட்கவில்லை. பெரியவர் முழுவதும் கேட்டார், எங்களுக்கு டீ வரவழைத்தார். "அப்போ இருந்துச்சாம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது அந்த ரோட்டில் போகச் சொன்னாள். பாத்தி இருந்த இடத்தில் தோல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்துக் கால்வாயிலிருந்து அம்மோனியா நெடி பழையபடி கண்ணைக் கரித்தது. ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"ஊரெல்லாம் சண்ட போடுறீங்க" என்றாள், லாரிகளைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு என்கிட்ட மட்டும் ஏன் போடல?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர். நெடியால்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன் எப்சி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் திட்டியிருந்தால்கூட அந்த முகம் அப்படி வாடியிருக்காது.