டிரைவரும் மேஸ்திரியும்

இன்னும் ஒரு விரற்கடை பின்னால் வந்தால் போதும், கொக்கி மாட்டிவிடும். அதுவரைக்கும் இந்த மனுஷன் பொறுத்துக்கொள்ள மாட்டாரா என்ன? இவர் எப்போது எஞ்சினை அணைப்பார் என்று நான் வெயிலில் நின்ற நாளுக்குக் கணக்கே கிடையாது. ஒரு மத்தியானம் எனக்காக அவர் நிற்கட்டுமே.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் மினி டிராக்டரை நிறுத்தி, இறங்கி, பின்பக்கம் போய் மண்டியிட்டுப் பார்த்தாள். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் ஓடும் இரும்பு ஃப்ரேமின் கடைசியில் இரண்டு கொக்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எதிரே, இரண்டு ஜாக்கிக் கால்களையும் பக்கெட்டையும் தரையில் ஊன்றி, உள்ளே வரக் கூச்சப்படும் விருந்தாளி மாதிரி நின்றது புது பேக்ஹோ. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக் குழி தோண்டும் இரும்புக் கை. வலது கொக்கி சரியாக வந்திருந்தது. இடதுதான் வீம்பு பிடித்துத் தள்ளி நின்றது.

அவள் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். பின்பக்கச் சன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் அவர். ஒரு கை மட்டும் வெளியே சன்னல் கட்டையின் மேல் இருந்தது. விரிந்த கை. விரல்கள் கட்டையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. விரிந்திருந்தால் போய்க்கொண்டே இரு, மூடினால் நில். அது அவர்களுடைய பாஷை.

"அம்மா, அப்பா என்னமோ சொல்றார்" என்றாள் மகள், அவர் வாயருகே காதை வைத்தபடி. அவர் குரல் இப்போதெல்லாம் கட்டிலைத் தாண்டுவதில்லை. பாதி தூரத்துக்கு மகள்தான் சுமந்து வர வேண்டும்.

"என்ன சொல்றார்?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"கெட்ட வார்த்தையா?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் சொல்றார். நான்தான் ஸ்டியரிங்கைத் தப்பா ஒடிச்சிருக்கேன்."

சன்னலுக்குள் கரகரவென்று ஒரு சிரிப்பு எழுந்து, இருமலில் போய் முடிந்தது. மகள் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். வெளியே அவள் மறுபடி டிராக்டரில் ஏறினாள்.

காலையில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, வாசல்வரை அவளைக் கூட்டிப்போய்ச் சொன்னது: "கூடவே இருங்கம்மா. இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்." அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "என்னவாம்?" என்றார். "இன்னைக்கேயாம்" என்றாள். அவருக்கு அவள் எதையும் பொதிந்து சொல்லிப் பழக்கமில்லை. கண்ணைத் திறந்து, சன்னலுக்கு வெளியே நின்ற பேக்ஹோவைப் பார்த்தார். பிறகு அவர், "அப்ப மாட்டிடு மேஸ்திரி" என்றார்.

அவர் வாழ்நாளெல்லாம் பெரிய குழிவெட்டும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர். அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கை காட்டுவாள். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், எங்கே பழைய குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. வேலையிடத்தில் எல்லோரும் அவரை டிரைவர் என்றும் அவளை மேஸ்திரி என்றும் கூப்பிட, அதுவே வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. "டிரைவர், சாப்பிட வாங்க" என்பாள். "மேஸ்திரி, என் கண்ணாடி எங்கே?" என்பார். அந்த இருக்கையில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர் தடுத்ததும் இல்லை. ரெண்டு பேரும் மேலே ஏறிட்டா கீழே யார் பார்க்கறது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பெரிய எந்திரத்தை விற்று, வயதுக்கு ஏற்ற மாதிரி இந்தக் குட்டி டிராக்டரை வாங்கினார்கள். பேக்ஹோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் தோட்டத்து வாய்க்கால், தெருக் குழாய் என்று சின்ன வேலைகளைப் பார்க்கலாம் என்று திட்டம். அதற்குள் அவருக்கு உடம்பு படுத்துவிட்டது. போன மாதம், சக்கர நாற்காலியில் வைத்து அவரை எந்திரக் கடைக்கு அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

கடைக்காரருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்து எவ்வளவோ காலமாகியும் பெயர் மட்டும் முளைத்துக்கொண்டே இருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்தே பேசினார்.

"டிரைவரண்ணே, இதைப் பாருங்க. டிராக்டருக்குப் பின்னாடி தூக்குற கை இருக்குல்ல, அதுலயே தொங்கவிட்டுடலாம். வேலை சுலபம்."

அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "தொங்கவிட்டா, இறுகின மண்ணுல குத்துற உதையெல்லாம் கியர்பாக்ஸுக்குத்தானே போகும்? ஒருநாள் வண்டி முதுகு ஒடிஞ்சு நிக்கும். வயித்துக்கு அடியில முழுநீளத்துக்கு ஃப்ரேம் போட்டு மாட்டுறது இருக்குமே, அதைக் காட்டுங்க."

மீசை அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

ஃப்ரேம் வைத்ததில் இரண்டு அளவு இருந்தது. டிரைவரின் கண் நீளக் கையின் மேலேயே இருந்தது. எட்டித் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம் போகும் தெரியுமா இது?"

"ஆழம் போகும். கூடவே டிராக்டரோட முன்சக்கரமும் மேலே போகும். நம்ம வண்டி எடை என்ன, இது எடை என்ன?"

"ஆசையா இருக்கு மேஸ்திரி."

"ஆசைக்குத் தடவியாச்சுல்ல, விடுங்க." அவள் சின்னதின் பக்கம் போய், அதன் கொக்கிகளையும் இரும்புப் பின்களையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மீசையிடம் கேட்டாள்: "இதை ஒரு ஆள் தனியா மாட்ட முடியுமா?"

மீசை நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இரும்பைத் துடைத்தார். அவள் காது சூடேறியது. அவரை வைத்துக்கொண்டே இதைக் கேட்டிருக்க வேண்டாமோ?

"கேட்டாச்சுல்ல, பதில் சொல்லுப்பா" என்றார் அவர், வாயெல்லாம் சிரிப்பாக. "மேஸ்திரி எப்பவும் கரெக்டான இடத்துலதான் கை காட்டுவா."

சின்னதுக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அவருக்குப் பிறகு என்ன என்ற பேச்சை மகள்தான் எடுத்தாள். அவள் தன் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை ஒழித்து, திரைச்சீலைகூட மாட்டிவிட்டிருந்தாள். "தனியா என்னம்மா பண்ணுவே இங்கே? லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு, நான் இருக்கேன்" என்றாள். பிரியமாக விரிக்கப்படும் பாயை எப்படிச் சுருட்டித் திருப்பிக் கொடுப்பது என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. ஆகவே பந்தயம் கட்டினாள்.

"இதை யார் உதவியும் இல்லாம நானே மாட்டி, ஓட்டிக் காட்டிட்டேன்னா இங்கேயே இருக்கேன். முடியலைன்னா எல்லாத்தையும் வித்துட்டு உன் பின்னாடியே வந்துடறேன்."

"யாரு ஜட்ஜ்?"

"உங்கப்பாதான்."

"ஜட்ஜுக்கு டீ உண்டா?" என்றது கட்டில்.

நேற்று மீசையின் ஆட்கள் பேக்ஹோவைக் கொண்டுவந்து இறக்கி, ஃப்ரேமை டிராக்டரின் அடியில் முடுக்கிவிட்டுப் போனார்கள். இரும்புக் கையை மாட்டுவது மட்டும் பாக்கி. இப்போது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்ல ஜட்ஜ் இருப்பாரா என்பதுதான் கேள்வியாகிவிட்டது.

மூன்றாம் தடவை பின்னால் வந்தபோது இரண்டு கொக்கிகளும் நேராக நின்றன. அடுத்து ஹோஸ், டிராக்டரிலிருந்து பேக்ஹோவுக்கு ஆயில் தள்ளும் ரப்பர்க் குழாய். வெயிலில் கிடந்து ஹோஸுக்குள் ஆயில் விம்மியிருந்தது. முனை உள்ளே போக மறுத்தது. அவள் முழங்காலை முட்டுக்கொடுத்து அழுத்தினாள். வியர்வை கண்ணில் இறங்கியதுதான் மிச்சம்.

"அம்மா, லிவரை முன்னும் பின்னும் ஆட்டணுமாம். உள்ளே இருக்கிற அழுத்தம் இறங்கிடுமாம்." மகள் சொல்லிவிட்டு, "நான் ஏன் இதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்? நான் எதிர்க்கட்சிதானே?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அவள் லிவர்களை ஆட்டினாள். எங்கோ ஒரு பெருமூச்சு கேட்டது. ஹோஸ் முனை 'டக்' என்று உட்கார்ந்தது. எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் நின்றபடியே ஜாக்கிக் கால்களை மெல்லத் தூக்கினாள். பேக்ஹோ தன் பாரத்தைத் தானே இறக்கி, ஆடி அசைந்து கொக்கிகளுக்குள் போய் அமர்ந்தது. மேலே பின் செருகும் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தி, அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்தைப் பார்த்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில், முதல் தடவை அவள் கை காட்டிய இடத்தில் பக்கெட் வந்து இறங்கியபோது இப்படித்தான் இருந்தது. இரண்டு பின்களையும் தட்டி இறக்கி, பூட்டு ஊசி போட்டாள்.

"மாட்டிட்டேன்!" என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இனி தோண்ட வேண்டும். எங்கே தோண்டுவது என்பதில் சந்தேகமே இல்லை. ஊர் வாய்க்காலெல்லாம் வெட்டிய மனுஷனின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்கி நிற்கும். நாளைக்கு, நாளைக்கு என்று அந்தக் குட்டையோடேயே காலம் ஓடிவிட்டது. குட்டையிலிருந்து மதில் சுவர் இடுக்குவரை ஒரு வாய்க்கால், சன்னலுக்கு நேர் எதிரே.

அவள் பேக்ஹோவின் இருக்கையில் ஏறி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜாக்கிக் கால்களை ஊன்றினாள். வலப்பக்கம் குட்டை, இடப்பக்கம் துணி காயும் கம்பம். வலப்பக்கம் போக லிவரைத் தள்ளினாள். இரும்புக் கை இடப்பக்கம் சுழன்று போய்க் கம்பத்தைச் சாய்த்தது. அவருடைய விரிப்புகள் இரண்டும் சேற்றில் விழுந்தன.

"அய்யோ!" என்றாள் மகள்.

சன்னல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் எந்திரத்தை எதிரே நின்றே பார்த்தவள். அவர் லிவரை இடது பக்கம் தள்ளினால் அவள் கண்ணுக்குக் கை வலது பக்கம் போகும். அதை மனசு அப்படியே படித்து வைத்திருந்தது. வலப்பக்கம் போக வேண்டுமென்று இடது பக்கம் தள்ளியிருக்கிறாள்.

"அப்பாவே கை காட்டறாராம்மா!"

கட்டையிலிருந்த கை எழுந்து, அவருடைய வலப்பக்கம், எதிரே இருந்த அவளுக்கு இடப்பக்கம், நீண்டது. அவள் அது காட்டிய பக்கம் போக நினைத்தாள். அவள் கை பழக்கதோஷத்தில் லிவரைத் தலைகீழாகத்தான் தள்ளியது. இரும்புக் கை எதிர்ப்பக்கம், குட்டையின் பக்கம் போய், அவர் மனசில் நினைத்த இடத்தில் கச்சிதமாக நின்றது. அவரும் ஒருநாளும் கீழே நின்றவரில்லையே. தான் இன்னும் இருக்கையில் இருப்பதாக நினைத்து, தன் இடது, தன் வலது என்றே காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்பா காட்டறதும் தப்பு, நீ போறதும் தப்பு. எப்படிம்மா சரியான இடத்துல விழுது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது பாப்பா!" என்று அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

பக்கெட் முதல் வாய் மண்ணை அள்ளியது. ஈர மண்ணின் வாசனை மேலே வந்தது. இரண்டாவது பக்கெட், மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சன்னல் கட்டையில் விரல்கள் தட்டின. அவளுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் உலகம் இப்படியா இருந்தது? இதையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டிருந்தாயே டிரைவர், இரு, வந்து பேசிக்கொள்கிறேன்.

மகள் அவர் வாயருகே குனிந்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் தோத்துட்டேனாம்!" என்று கத்தினாள். "ஜட்ஜுக்கு டீ வேணுமாம்!"

அவள் இரண்டு கையும் லிவரில் இருந்ததால் தலையைப் பெரிதாக ஆட்டினாள். மகள் அடுப்படிக்குப் போனாள்.

வாய்க்கால் நீண்டது. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் நிமிர்ந்து பார்ப்பது அவளுடைய முறை. பார்த்தாள், கை விரிந்திருந்தது. மண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தாள், விரிந்திருந்தது. அதற்கடுத்த தடவை பார்த்தபோது விரல்கள் தட்டவில்லை. கை மட்டும் வெயிலில், உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்தபடி கிடந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கெட் அந்தரத்தில் நின்று லேசாக ஆடியது. பிறகு அதை இறக்கினாள்.

மகள் டீக் குவளையோடு சன்னலுக்குள் தெரிந்தாள். குனிந்தாள். குவளையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பின்கதவு திறந்தது. செருப்பில்லாமல், சேற்றில் கிடந்த விரிப்புகளைத் தாண்டி, டிராக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குவளை இன்னும் கையில் இருந்தது.

"அம்மா."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும்மா. எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வா."

வாய்க்காலுக்கும் சுவர் இடுக்குக்கும் நடுவே ஒரு பக்கெட் மண் பாக்கி இருந்தது. அவள் சன்னல் கட்டையைப் பார்த்தாள். விரிந்த கை.

மகளைப் பார்த்து, மாட்டேன் என்று மெல்லத் தலையசைத்தாள். லிவரைத் தள்ளினாள். பக்கெட் இறங்கி, கடைசி மண்ணை அள்ளிக்கொண்டு எழுந்தது. எத்தனையோ மழையாகத் தேங்கிப் பழகிய தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு வளைந்து, சுவர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியது.