மூன்றாவது ரப்பர் பேண்டு

வெள்ளாரங்குன்றில் மற்ற தரகர்கள் ஏலக்காயை முகர்ந்து விலை சொல்வார்கள். குருவிளா மட்டும் ஒரு கை காயை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்பார். "இன்னும் ஈரம் போகலியே" என்று முகத்தைச் சுளிப்பார். ஈரம் போயிருக்கிறதோ இல்லையோ, விலை போய்விடும்.

அந்தக் காதில்தான் இப்போது வாக்கி-டாக்கியை ஒட்டவைத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் நின்றார். காது கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். பத்து நிமிஷமாக அதே இரைச்சல்.

விடியற்காலையில் மலை சரிந்து முக்குழி ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு வீடுகளை மூடியிருந்தது. பாலம் போயிற்று, போன் டவரும் போயிற்று. ரேடியோ என்றால் குருவிளாவுக்கு இருபது வருஷத்துப் பைத்தியம். ஊர் சிரித்த அந்தப் பைத்தியம்தான் இன்று ஊருக்கு உதவியது. டவுனிலிருக்கும் ரேடியோ கிளப்பின் ஒன்பது செட்டுகள் பேட்டரிக்கு உறை மாற்றுவதற்காக அவர் வீட்டுக்கு வந்திருந்தன. அவற்றைக் காலை ஆறு மணிக்கே பங்கிட்டுக் கொடுத்தார்.

கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை. முதல் அரைமணி நேரத்தில் ஆளாளுக்குப் பொத்தானைத் திருகி ஆளுக்கொரு சேனலில் "ஹலோ, ஹலோ" என்று கத்தியதைப் பார்த்து, எல்லா செட்டையும் திரும்ப வாங்கி ஏழாம் சேனலில் பூட்டினார். பூட்டைத் திறக்கும் வித்தையை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் திறந்துவிடுவார்கள் அல்லவா! பிறகு மழைக்குப் பயந்து, ஏலக்காய் சாம்பிள் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒவ்வொன்றையும் இறக்கி, கவர் வாயில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டார். காய் மணம் போகாமல் கட்டுகிற அதே கட்டு. அதை விட்டால் அந்த ஊரில் யாருக்கும் வேறு கட்டுத் தெரியாது.

அக்கரைக்குக் கயிற்றில் போன ஐந்து பேருக்குத் தனியாக ஓர் உத்தரவும் போட்டிருந்தார். ஜீப் டிரைவர் அப்புக்குட்டன்தான் அவர்களுக்குத் தலைவன். குருவிளாவின் தம்பி மாத்தனும் அதில் ஒருவன்.

"நான் செட்டுல சொல்லாம ஒருத்தனும் அந்த இடத்த விட்டு நகரக் கூடாது. கேட்டுதா? தேடப் போனவனத் தேடற வேலை நமக்கு வேண்டாம்."

"சரி அச்சாயா. நீங்க சொன்னா நகர்றோம், இல்லேன்னா அங்கயே வேர் விட்டு நிக்கறோம்" என்றிருந்தான் அப்புக்குட்டன். குருவிளாவை ஊரே அச்சாயன் என்றுதான் கூப்பிடும்.

பதினோரு மணிக்கு இந்த இரைச்சல் ஆரம்பித்தது. யாரோ ஒருவருடைய செட்டில் பேசும் பட்டன் அமுங்கிக் கிடக்கிறது. ஒரு லாரி மட்டும் போகிற பாலத்தில் ஒருத்தன் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் எப்படியோ அப்படி. இனி அவன் வந்து எடுக்கிறவரை மற்ற எட்டுப் பேரும் கேட்கலாம், பேச முடியாது.

முதலில் குருவிளா வைதார். அப்புறம் சிரித்தார். அப்போதுதான் ரோஸிலி வந்தாள்.

ரோஸிலி வார்டு மெம்பர். மேல் ரோட்டிலிருந்து சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்திருந்தாள். சேலை முழங்கால்வரை செம்மண்.

"அச்சாயா, அக்கரைக்காரங்கள உடனே வெளிய வரச் சொல்லுங்க. அவங்க தலைக்கு மேல மலை பிளந்திருக்கு. காலைல விரல் அகலம் இருந்துச்சு. இப்ப என் கையே உள்ள போவுது. அந்தப் பக்கம் இருந்த பலாமரம் சாஞ்சு நிக்குது."

குருவிளா செட்டை அவள் பக்கம் நீட்டினார். இரைச்சல்.

"என்ன இது?"

"எவனோ பட்டன அமுக்கி வச்சிட்டான். நான் பேசினா என் வாய்க்குள்ளயே போவுது. அவன் செட்டு எனக்கு மேல எங்கயோ உசரத்துல இருக்கு. அதுதான் எல்லாரையும் அமுக்குது."

"வேற சேனல் போட்டுப் பேசுங்களேன்!"

"பூட்டிட்டேன் மெம்பரே. பூட்டத் தெறக்கச் சொல்றதா இருந்தாலும் இதுலதான் சொல்லணும்."

ரோஸிலி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏலத்தில் அழுகல் காயைப் பார்ப்பது போன்ற பார்வை.

"பேட்டரி தீர்ந்தா நிக்குமில்ல?"

"நிக்கும். எல்லாத்துக்கும் ராத்திரி முழுசா சார்ஜ் ஏத்திக் குடுத்தேன். மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"கெட்டிக்காரர்தான் போங்க! சர்ச் மணிய அடிக்கலாமா?"

"ஆத்துச் சத்தத்துல அக்கரைக்குக் கேக்காது. இக்கரையில கேட்டவன் எல்லாம் ஆத்துக்கு ஓடுவான். வேண்டாம்."

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு மேல் வழியாகச் சுற்றி ஆள் அனுப்பினால் ஒரு மணி நேரம். பலாமரம் ஒரு மணி நேரம் காத்திருக்குமா? அந்த ஐந்து பேரில் நான்கு பேர் சொன்ன சொல் தவறாதவர்கள். அதுதான் இப்போது பயம். நகராதே என்றார், நகரமாட்டார்கள். மாத்தனாவது அண்ணன் பேச்சை மீறுகிற ஜாதி. நாற்பது வருஷமாக மீறினவன் இன்றைக்குப் பார்த்துக் கீழ்ப்படிந்துவிட்டால்?

"உசரத்துல செட்டு யார்கிட்ட இருக்கு?" என்றாள் ரோஸிலி.

"ரெண்டு இடம். ஸ்கூல் கேம்புல ஒண்ணு. அவிராவோட ஏலக்கா ஸ்டோர்ல ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் கஞ்சி வைக்கறாங்க."

ஸ்கூல் இடது பக்க மேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோர் வலது பக்க மேட்டில். இருந்தது ஒரே ஜீப்.

செட்டில் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் எட்டத்தில் கேட்டது: "உப்புப் போட்டாச்சா?" இன்னொரு குரல்: "போட்டாச்சு. அச்சாயன் குடுத்த சாமான் மாதிரி கஞ்சமா போடாத." யாரோ சிரித்தார்கள். எந்த அச்சாயன் என்பதில் குருவிளாவுக்குச் சந்தேகமில்லை.

"ஸ்கூல்தான்" என்றாள் ரோஸிலி. "அங்கதான் பொம்பளைங்க ஜாஸ்தி. அந்த இரைச்சல் மழை. ஸ்கூல் கூரை தகரம்."

அது நியாயம்தான். குருவிளா சாவியை எடுத்தார். ஒரு காலை ஜீப்பில் வைத்தவர் அப்படியே நின்றார்.

மழை இப்படி இரையாது. மழைக்கு ஏற்ற இறக்கம் உண்டு. இது ஒரே சீராக இரைகிறது. அதற்கு அடியில், கண்ணை மூடினால் மட்டும் கேட்கிற மாதிரி, ஒன்று தட்டியது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடி டக்.

"மெம்பரே, ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

"நிமிஷமா? அங்க மலை..."

"பேசாதீங்கன்னேன்!"

டக். இந்தத் தட்டலை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் அவிராவுக்குக் காய் உலர்த்தும் பழைய காற்றாடி ஒன்றைக் கட்டப்பனைக்காரனிடம் பேசி முடித்துக் கொடுத்ததே அவர்தான். பேரிங் தேய்ந்து சுற்றுக்கு ஒரு தட்டுத் தட்டுகிறது என்று அரைநாள் அந்தத் தட்டலையே பிடித்துத் தொங்கி விலையைக் குறைத்தார். தன் காதுக்குக் கிடைத்த பெரிய வெற்றிகளில் ஒன்று என்று இன்றும் டீக்கடையில் சொல்லிக்கொள்வார்.

"ஸ்டோர்" என்றார்.

"கரண்ட் இல்லாம ஸ்டோர் எப்படி ஓடும்?"

"டீசல் எஞ்சின் இருக்கு."

"ஆத்துல மலையே வருது, இப்ப யாரு அச்சாயா காய் காயப்போடுவா?"

குருவிளா செட்டை மறுபடி காதில் வைத்தார். தட்டல் மட்டும் இருந்தது. தப்பாகப் போனால் திரும்பி வர இருபது நிமிஷம். இத்தனை வருஷம் ஈரமில்லாத காயில் ஈரம் கேட்ட காது. அது இன்றைக்கு உண்மை பேசுகிறதா என்று அவருக்கே உறுதியில்லை.

"நீங்க ஸ்கூலுக்கு ஓடுங்க. நான் ஸ்டோருக்குப் போறேன்."

அவர் முடிக்கும்முன்பே ரோஸிலி ஓடினாள்.

ஜீப் இரண்டு முறை வழுக்கியது. ஒரு வளைவில் ரோடு பாதிதான் இருந்தது. பக்கத்து சீட்டில் கிடந்த செட்டு இரைந்துகொண்டே வந்தது. மேலே ஏற ஏற அந்த இரைச்சல் செட்டிலிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. கடைசி வளைவில் தெரிந்தது. டக். இரண்டு காதிலும் ஒரே சமயத்தில்.

ஸ்டோருக்குள் தட்டு தட்டாகக் கம்பளியும் சேலையும் குழந்தைச் சட்டைகளும். ஏலக்காய் காய வேண்டிய இடத்தில் கேம்பின் ஈரத்துணி முழுதும் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் கஞ்சி. அவிரா தோளில் துண்டோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க வாங்க! பாருங்க, மூணு மணி நேரத்துல அம்பது கம்பளி..."

"செட்டு எங்க?"

"ஆவி படாம அதோ ஆணில மாட்டியிருக்கேன். பத்திரமா."

சுவரில் ஆணி. ஆணியில் கவர். கவருக்குள் செட்டின் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. வாயில் இரண்டு ரப்பர் பேண்டு. நடுவில், பேசும் பட்டனின் மேலேயே இறுக்கி, மூன்றாவதாக ஒன்று. 'சமையல் பக்கம் ஆவி ஏறும், உனக்கு ஒண்ணு கூடுதல்' என்று காலையில் அதைத் தன் கையால் போட்டவர் குருவிளாதான். செட்டை மாட்டும்போது கவர் இறங்கிப் பேண்டு பட்டனைக் கவ்வியிருந்தது.

பேண்டு கழலவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். விளக்கு அணைந்தது.

"அப்புக்குட்டா! குருவிளா பேசறேன். எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க. இடது பக்கம், பெரிய பாறைக்கு. இப்பவே!"

காற்றாடி தட்டியது. அவிரா எதுவும் புரியாமல் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார்.

"அப்புக்குட்டா!"

"கேக்குது அச்சாயா." மூச்சிரைக்கும் குரல். "இவ்வளவு நேரமா கஞ்சிக்கு உப்புப் போடறதயே கேட்டுட்டு நிக்கறோம். இங்க ஒரு சுவர் பாதி..."

"சுவர் வேண்டாம்டா! மேல மலை பிளந்திருக்கு. ஓடு!"

செட்டு அமைதியானது. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நூறு லாரி ஜல்லியை ஒரே சமயம் கொட்டுகிற மாதிரி. ஸ்டோரின் தகரம் அதிர்ந்தது. கஞ்சி கிண்டிய பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்புக்குட்டா... ஒவ்வொருத்தரா பேர் சொல்லு. அவங்க வாயாலயே சொல்லட்டும்."

நெடுநேரம் கழித்து: "அப்புக்குட்டன்." இருமல். "சசி." "குஞ்ஞுமோன்." "பாஸ்கரன்."

அப்புறம் ஒன்றுமில்லை.

குருவிளா பட்டனை அமுக்கவில்லை. அமுக்கினால் அந்தப் பக்கம் பேச முடியாது. உலகத்தில் வேறு எதுவும் தெரியாதவர்போல அந்தப் பட்டனிலிருந்து விரலை எட்ட வைத்துக்கொண்டு நின்றார்.

"சேட்டா." மாத்தன் குரல். "செருப்பு போச்சு. புதுசு."

"எங்கடா இருந்த இவ்வளவு நேரம்?"

"இப்பத்தான் பாறைக்கு வந்து சேர்ந்தேன். நீ ஒரு முறை சொன்னா கேக்கறதான்னு யோசிச்சு, அப்பத்தான் ஓட ஆரம்பிச்சேன்."

அவிரா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். குருவிளா உட்கார்ந்தார். வாயில் இன்னும் அறுந்த ரப்பர் பேண்டு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். தூக்கிப் போடக் கை வரவில்லை.

"அவிராச்சா, இந்தக் காத்தாடிக்கு பேரிங் மாத்தப் போறியா?"

"அடுத்த மாசம் மாத்தலாம்னு..."

"மாத்தாத" என்றார் குருவிளா. பிறகு ஒன்பது செட்டும் கேட்கும்படி பட்டனை அமுக்கி, பூட்டைத் திறக்கும் வித்தையை மெதுவாக, இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.