ரெங்கசாமி வீட்டு மாடியில் சனி இருந்த காலம்

வேலத்தங்குடி ரெங்கசாமி வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிரகம் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் குடியிருந்தது. தண்ணீர் டேங்குக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவில், பனங்கற்கண்டு நிறத்தில், இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோட்டோடு அது நின்றது. அதே நேரத்தில் கும்பகோணத்திலும் முத்துப்பேட்டையிலும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது வழக்கம்போல் ஆகாயத்தில் தன் இடத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. பஞ்சாங்கக்காரர்களும் விஞ்ஞானிகளும் அதன் போக்கில் ஒரு குறையும் காணவில்லை. ஆகவே இது முழுக்க முழுக்க வேலத்தங்குடி விவகாரம். அந்த வருஷம் சம்பா சுமார், உளுந்து நல்ல விலை போனது, சனி மாடியில் இருந்தது.

அதை வரவழைத்தவள் ரெங்கசாமியின் மகள் அனுராதா. கூத்தாநல்லூரில் கமருன்னிஸா நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. எழுத்துப் பலகையை ஓரக்கண்ணால் பார்க்கிறவர்களை அவளுக்கு ஆகாது. தாசில்தாராக இருந்தாலும் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "நேரா பாருங்க சார்" என்பாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு மாப்பிள்ளை கிடைக்காதது காரணமில்லை. மாப்பிள்ளை கையிலேயே இருந்தான். மன்னார்குடி இளஞ்செழியன், வயல்களுக்கு ட்ரோன் விட்டு மருந்து தெளிக்கிறவன். முந்தின வருஷம் ரெங்கசாமியின் குத்தகை வயலுக்கு மருந்தடிக்க வந்தபோது, அவனுடைய ட்ரோன் மாடிக் கொடியில் காய்ந்த அனுராதாவின் துப்பட்டாவை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது. துப்பட்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் அதன்பிறகு வாரந்தோறும் கடைக்கு வந்து கண் பரிசோதனை செய்துகொண்டான். அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பது கமருன்னிஸாவுக்கு முதல் தடவையே தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முட்டுக்கட்டை அவன் அம்மா மங்களாம்பிகை. புருஷன் போனபிறகு ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள், அவள் ஒன்று சொன்னால் தெருவே அடங்கிப்போகும். ஜாதகத்தை வாங்கி இரண்டு ஜோசியர்களிடம் காட்டிவிட்டு, தேடி வந்து ரெங்கசாமியிடம் சொன்னாள்: "பொண்ணு தங்கம். எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஆனா மகர ராசி, ஏழரை நடக்குது. சனி விடட்டும், அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிடுவோம்." ரெங்கசாமி தலையாட்டினார். இளஞ்செழியனும் தலையாட்டினான், அம்மா முன்னால் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அனுராதாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஐப்பசியில் ஆகாயத்தில் ஒரே அமர்க்களம். பூமிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு குட்டி நிலா வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டான். மேற்கே பொழுது சாய்ந்ததும் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. கமருன்னிஸாவின் தம்பி சைபுல்லா குவைத்திலிருந்து கொண்டுவந்து பிரிக்காமல் போட்டுவைத்திருந்த தொலைநோக்கி, கண்ணாடி சம்பந்தப்பட்ட சாமான் என்பதால் கடைக்கு வந்து, கடையில் இடத்தை அடைக்கிறது என்பதால் அனுராதா வீட்டு மாடிக்கு வந்தது. மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் ஊர் ஜனம் வரிசையில் நின்று வால்நட்சத்திரத்தைப் பார்த்து, வால் இவ்வளவுதானா என்று குறைபட்டுக்கொண்டது. அடுத்ததாக அனுராதா குழாயைத் தென்கிழக்கே திருப்பி, "இப்ப சனி. வளையம் தெரியும், வாங்க" என்றாள். மாடி காலி. படிக்கட்டில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. திருநள்ளாற்றுக்குப் போனால்கூட சனி பகவான் சந்நிதிக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லை, ஒதுங்கி நின்று பக்கவாட்டில்தான் கும்பிடுவார்கள். அவர் பார்வை நேராக விழக்கூடாது. அனுராதாவும் அப்படிக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் சனியின் வளையம் வருகிற மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பப்போகிறது, அப்போது இருக்கிற இடமே தெரியாது, பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும் என்று அவள் படித்திருந்தாள். மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதோடு அவளுக்குக் கேட்க ஒரு கேள்வியும் இருந்தது. கண்ணைக் குழாயில் வைத்து, ஊசி குத்திய எலுமிச்சம்பழம்போல் நின்ற அந்த உருவத்தை நேருக்கு நேர் பார்த்து, "ஏழு வருஷமா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, அப்படி என்னதான் இருக்கு என்கிட்ட?" என்று கேட்டாள்.

அந்த ஜில்லாவில் அதை நேராகப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவள்தானோ என்னவோ. மறுநாள் சாயங்காலம் சனி தென்னை மட்டை உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கும் மறுநாள் டேங்குக்கு மேலே வந்து நின்றுவிட்டது. பகலிலும் போகவில்லை.

ஊர் முதலில் பதறியது, பிறகு பழகியது. சனியின் நேர்ப்பார்வையைத் தவிர்க்க ஜனங்கள் அந்தத் தெருவில் வயல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினார்கள். டவுன் பஸ் வளைவிலேயே நின்று ஆட்களை இறக்கிவிட்டது. நடவு நடும் பெண்களுக்கு மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை, அவர்கள் குனிந்து பின்னால் நகர்கிறவர்கள். சுற்றுவட்டாரக் காக்கைகளெல்லாம் ரெங்கசாமி வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உத்தியோகத்துக்கு வந்ததுபோல் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பின. ஜமாபந்தியில் ஒருவர் மனு கொடுத்தார். டேங்குக்கு மேலே உள்ள இடம் பட்டாவா புறம்போக்கா என்பது கிராம நிர்வாக அலுவலருக்கே விளங்காததால் மனு நிலுவையில் இருக்கிறது. ரெங்கசாமிக்கு இதில் நஷ்டமில்லை. சனி வெளிச்சம் விழுகிற தூரம்வரை வயலில் எலி அண்டவில்லை, வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய வரப்பு ஓட்டையில்லாமல் இருந்தது.

இருபத்தைந்து பங்குனியில் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி ஆனது. மகர ராசிக்கு ஏழரை முடிந்தது. ரெங்கசாமி வெற்றிலை பாக்கோடு மன்னார்குடிக்குப் போனார். மங்களாம்பிகை காபி கொடுத்து உபசரித்து, "எங்களுக்குத் திருநள்ளாத்துக் கணக்குதாங்க. வாக்கியப்படி அடுத்த மாசியிலதான் பெயர்ச்சி" என்று அனுப்பிவைத்தாள். ஒரு வருஷம் ஓடியது. மாசியில் வாக்கியத்திலும் பெயர்ச்சி ஆனது. மறுபடி வெற்றிலை பாக்கு, மறுபடி காபி. இந்தத் தடவை மங்களாம்பிகை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பஞ்சாங்கத்துல விட்டுடுச்சுங்க, நான் இல்லைங்கல. ஆனா உங்க மாடியில இன்னும் நிக்குதாமே?"

ரெங்கசாமி வெற்றிலை பாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அனுராதா மாடிக்குப் போய்ச் சனியிடம் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். சத்தியமாக அதன்மேல் அவளுக்கு வெறுப்பில்லை. வேலை முடிந்து வந்தால் அதன்கீழ் உட்கார்ந்து டீ குடித்துப் பழகிவிட்டாள். ஆனால் இது போனால்தான் அவன், அவன் வேண்டுமென்றால் இது போகவேண்டும். கமருன்னிஸா விஷயத்தை ஒரு பார்வையில் பிடித்தாள். "நீ நேரா பார்த்ததுக்குத்தானே வந்துச்சு புள்ள? வேற யாராச்சும் நேரா பார்த்தா அவங்க பின்னாடி போயிடப்போவுது" என்று சொல்லி, தானே வந்து மாடியேறிப் பார்த்தாள். சனி மரியாதையாக ஒரு சாண் தாழ்ந்து எழுந்தது, நகரவில்லை. ராசி நட்சத்திரம் பார்க்காத வீட்டை அது கணக்கில் சேர்க்கவில்லை போலும்.

பிறகு இளஞ்செழியன் வந்தான். "நான் பார்க்குறேன் அனு. என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொலைநோக்கிமுன் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். சனி அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. கண் பார்க்கிறவளிடம் கண்ணை மறைக்க முடியுமா? "கடைசி நிமிஷத்துல கண்ணை மூடிக்கிட்டீங்கதானே?" என்று அவள் கேட்டதும் ஒப்புக்கொண்டான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமாம். அனுராதா அவனை அனுப்பிவிட்டு டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். வருஷக்கணக்கில் அடக்கிவைத்த அழுகை, சீக்கிரம் நிற்கவில்லை. சனி கொஞ்சம் கீழே இறங்கி வந்து அவள் தலைக்கு மேலே நின்றது.

பங்குனி பிறந்ததும் மங்களாம்பிகை நேரிலேயே வந்தாள். பிள்ளைக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வேறு இடம் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். அதற்குமுன் சனி இருப்பதைத் தன் கண்ணால் உறுதிப்படுத்திக்கொள்ள மாடி ஏறினாள். பொழுது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் பக்கவாட்டில் நகர்ந்து, டேங்குக்கு முதுகுகாட்டி நின்று, கூட ஏறி வந்த அனுராதாவிடம், "பார்த்தியா, இருக்குதா இல்லையா?" என்றாள்.

"எப்படித் தெரியும் அத்தை? நீங்கதான் பார்க்கவே இல்லையே" என்றாள் அனுராதா.

"வெளிச்சம் தெரியுது."

"வெளிச்சம் டியூப்லைட்டுக்கும்தான் இருக்கு. விட்டியா இல்லையான்னு நேரா அதையே கேளுங்க. விடலைன்னு சொன்னா நான் உங்க பிள்ளை பக்கம் திரும்பக்கூட மாட்டேன். உங்களுக்கு பயமா இருந்தா வேணாம்."

மங்களாம்பிகையைப் பார்த்து பயமா என்று கேட்ட ஆள் மன்னார்குடியில் இதுவரை பிறக்கவில்லை. அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சட்டென்று திரும்பி, சனியை நேருக்கு நேர் பார்த்தாள். தொலைநோக்கிகூட வேண்டியிருக்கவில்லை. கேட்க வந்ததை மறந்துபோனாள். உருண்டையைச் சுற்றி வளையம் பூணூல் இழைபோல ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"என்னடி இது," என்றாள், குரலே மாறிப்போய், "இப்படி இளைச்சுக் கிடக்கு? சோறு தண்ணி ஒண்ணும் காட்டுறதில்லையா?"

அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். இருட்ட ஆரம்பிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காமலே பேசினாள். "எனக்கு உன்மேல கோபம் இல்லை அனு. நீ வந்தா அவன் உன்கூட கூத்தாநல்லூர் பக்கம் வந்துடுவான். வெறும் வீட்டுல நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? சனி இருக்குறவரைக்கும் பிள்ளை வீட்டுல இருப்பான்னு கணக்குப் போட்டேன்." அனுராதா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் மன்னார்குடியிலேர்ந்தே பஸ்ல வேலைக்குப் போறேன் அத்தை. யாரு உங்களை விட்டுட்டுப் போறது?" என்றாள். அதை மங்களாம்பிகை நம்பினாளா என்று உடனே சொல்ல முடியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே இறங்கினாள். வாசலில் காத்திருந்த இளஞ்செழியனின் பைக்கில் அவள் ஏறி உட்கார்ந்து வண்டி நகர்ந்ததும், சனி டேங்கைவிட்டுக் கிளம்பி, மின்கம்பிகளுக்கு லேசாக உயர்ந்து தாழ்ந்து வழிவிட்டு, பைக்குக்குப் பின்னாலேயே போனது. காக்கைகள் அதன்பின்னால் போயின. வழிநெடுக வயலில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

ஆக, சனி விட்டது. திருக்கணிதம், வாக்கியம், கண்ணால் கண்டது எல்லாம் ஒன்றாகிவிட்டன. மங்களாம்பிகை சொன்ன சொல் மாறாதவள், வைகாசியில் முதல் முகூர்த்தத்திலேயே முடித்துவைத்தாள். கமருன்னிஸா பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கினாள். மன்னார்குடித் தெரு கொஞ்ச நாள் பக்கவாட்டில் நடந்து பார்த்தது. "நேரா நடங்க, அது ஒண்ணும் கடிக்காது" என்று மங்களாம்பிகை போட்ட சத்தத்தில் தெரு மறுபடி நேராக நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனியாக இருக்கும் பொழுது என்று ஒன்று இல்லாமல் போனது. மகன் ட்ரோனோடும் மருமகள் பஸ்ஸிலும் கிளம்பிப்போன பகல்களில், வெங்காயம் உரித்துக்கொண்டே தன் வீட்டு மாடியில் நிற்கும் சனியைப் பார்த்து விலைவாசி முதல் அண்டை வீட்டு வம்புவரை பேசித் தீர்ப்பாள்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலைவிட்டு வந்த அனுராதாவின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போனாள். வளையம் நன்றாக விரிய ஆரம்பித்திருந்தது. உருண்டைக்கு இரண்டு பக்கமும் காது முளைத்ததுபோல் இடைவெளி தெரிந்தது. "உன்கிட்ட இருந்தப்ப நூலா கிடந்துச்சு. பாரு இப்ப! வாரா வாரம் எள்ளுசாதம் வைக்கிறேன்ல?" என்றாள்.

பூமியும் சனியும் சூரியனைச் சுற்றிவரும் சாய்வு, விளிம்பு திரும்பி முகம் தெரியத் தொடங்குவது, இன்னும் ஐந்தாறு வருஷத்துக்கு அது விரிந்துகொண்டேதான் போகும் என்பது எல்லாம் அனுராதாவின் நாக்கு நுனிவரை வந்தன. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை முதல் வகுப்பில் தேறிய அம்மா மாதிரி நின்றுகொண்டிருந்தாள் அவள்.

"ஆமாங்க அத்தை," என்றாள் அனுராதா. "எள்ளுசாதம்தான்."

மறுவாரத்திலிருந்து நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றி அவளே கிளறினாள்.