மாடல் வீட்டுக் குடித்தனம்

ஒரகடத்திலிருந்து படப்பை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் பாண்டிச்செல்வி வாடகை இல்லாமல் குடியிருந்தாள்.

அது மாடல் வீடு. வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஜோடித்து வைத்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த டி.வி. வெறும் பிளாஸ்டிக் பலகை. அலமாரியில் அடுக்கியிருந்த தடித்த புத்தகங்களுக்குள் ஒரு தாள்கூடக் கிடையாது. வாஷிங் மெஷின் வெறும் கூடு. பாண்டிச்செல்வியின் துணிமணிகள் அதற்குள்தான் இருந்தன. அறை பெரிதாகத் தெரியவேண்டும் என்று கட்டிலைக்கூட அளவு குறைத்துச் செய்திருந்தார்கள். அவளோ நல்ல உயரம். காலை மடக்கிப் படுத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை. பிறகு மூலைக்கு மூலையாகப் படுக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரே ஒரு நிபந்தனைதான். காலையில் விற்பனை அலுவலகம் திறக்கும்போது அந்த வீட்டில் மனித வாடையே இருக்கக் கூடாது. தலையணையை முன்பிருந்த மாதிரியே சாய்த்து வைத்து, தரையில் உதிர்ந்த முடியைப் பொறுக்கி, கண்ணாடியில் தெறித்த தண்ணீரைத் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவாள்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வீடியோ காலில் ஒருநாள் பின்னால் தெரிந்ததைப் பார்த்துவிட்டு அம்மாவே திடுக்கிட்டாள்.

"என்னட்டி, இம்புட்டுப் பெரிய வீடா? ஆப்பிள் விக்கிற வெலையில தட்டு நெறைய அடுக்கி வச்சிருக்க! ஒண்ணை எடுத்துத் திங்க வேண்டியதான?"

"அது பிளாஸ்டிக்கும்மா."

"பிளாஸ்டிக்கை எதுக்குட்டி தட்டுல வச்சிருக்க?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் நல்லவேளையாக சிக்னல் போய்விட்டது.

சங்கரன்கோயில் பக்கத்துப் பெண் அவள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா விசைத்தறியில் நெய்கிறார். கல்விக் கட்டணத்தைக் கட்டி முடித்தபோதே வீட்டில் எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். விடுதிக் கட்டணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மேன்ஷனில் கம்பெனிப் பெண்கள் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தாள். அங்கே அறை வாடகை என்று எதுவும் இல்லை, தலை வாடகைதான். புது கம்பெனி ஒன்று வரும்போதெல்லாம் ஒரு தலையின் விலை ஏறும். கம்பெனியில் ஓவர்டைம், அதாவது ஓ.டி. பார்க்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். படிக்கிறவளுக்கு ஏது ஓ.டி.? ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அடுக்குமாடி அலுவலகத்துக்கு வந்து, வருகிறவர்களுக்கு ஜூஸும் நோட்டீசும் கொடுக்கும் வேலை பார்த்தாள். அதில் சாப்பாட்டுச் செலவு தீரும்.

பிறகு ஒருநாள் அந்த மேன்ஷன் முழுவதையும் ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கென்று மொத்தமாக எடுத்துக்கொண்டது. மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கல்லூரியைச் சுற்றி அவள் விசாரித்த அறைகளின் வாடகையைக் கேட்டால் படிப்பையே விட்டுவிடலாம் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மரகதம் கேட்டாள். மணிமங்கலத்துக்காரியான மரகதம் அங்கே கூட்டித் துடைக்கிறவள். அவள் புருஷன் தாண்டவராயன் வாட்ச்மேன். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைதான் அவர்கள் வீடு.

"இன்னாம்மா, மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?"

பாண்டிச்செல்வி சொன்னாள். மரகதம் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"மேல அம்மாம் பெரிய வூடு சும்மா பூட்டிக்கினு கீது. நீ பாட்டுக்கு வந்து படு, காத்தால எழுந்து போ. நாங்க கீழதான கீறோம், இன்னா பயம்?"

தாண்டவராயன் பதறிப்போனார். "சாருக்குத் தெரிஞ்சா என் வேலை பூடும்!"

"சாவி உன் இடுப்புல தொங்குதுன்னு நீதான் ஓனர்னு நெனப்பா? குடுய்யா!"

சாவி கை மாறியது. சாப்பாடு கொட்டகையில் மரகதத்தோடு. காய்கறி வாங்கி வருவதும் பாத்திரம் கழுவுவதும் பாண்டிச்செல்வியின் பங்கு. மாடியில் சமைப்பது மட்டும் கூடாது, மணம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பேச்சு.

அந்தப் பேச்சை அவள் ஒரே ஒருநாள்தான் மீறினாள். அன்றைக்கு அவளுக்கு உள்தேர்வு. மரகதம் விடிவதற்கு முன்பே உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வெறும் வயிற்றோடு தேர்வு எழுதினால் தனக்குத் தலை சுற்றும் என்பது பாண்டிச்செல்விக்குத் தெரியும். பழைய அறையிலிருந்து கொண்டு வந்த இண்டக்ஷன் அடுப்பை எடுத்தாள். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து ரவையைக் கொட்டிக் கிளறினாள். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். உடம்பில் நைட்டி. ஈரச் சுடிதார் பால்கனியில் தொங்கியது. உப்புமா இறங்குகிற நேரத்தில் கதவு திறந்தது.

வாசலில் கையில் மாற்றுச் சாவியோடு விற்பனை மேலாளர் ராஜசேகர். அவருக்குப் பின்னால் கம்பெனிச் சீருடையில் ஓர் ஆண், அவர் மனைவி. அவர்களுக்கும் பின்னால், அலுவலகம் திறக்க இன்னும் நேரமிருக்கிறதே என்று கெஞ்சித் தோற்றுப்போன தாண்டவராயன்.

வாணலி மட்டும் சடசடத்தது.

"இது… லைவ் டெமோ மேடம்," என்றார் ராஜசேகர். "வீட்ல ஆள் இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு ஃபீல் குடுக்கறதுக்காக."

அந்த அம்மாள் பால்கனியில் தொங்கிய சுடிதாரையும் பார்த்தாள், பாண்டிச்செல்வியின் ஈரத் தலையையும் பார்த்தாள். அவள் பெயர் தங்கமாரி. கோவில்பட்டியிலிருந்து பதினெட்டு வயதில் டிரெய்னியாக வந்து, இப்போது ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவள். அவள் கணவன் நம்பிராஜன் கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நைட் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்திருந்தார். அவர் கண் வாணலியை விட்டு நகரவில்லை.

"டெமோ உப்புமாவ சாப்பிடலாமா?" என்றார்.

"சாப்பிடுங்கண்ணே," என்று தட்டை எடுத்தாள் பாண்டிச்செல்வி. வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பிளாஸ்டிக் ஆப்பிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அண்ணேங்கிற பேச்சே நம்ம பக்கத்துப் பேச்சாவுல்லா இருக்கு. எந்த ஊருட்டி நீ?" என்றாள் தங்கமாரி.

"சங்கரன்கோயில் பக்கம்க்கா."

"அதான பாத்தேன். சரி, சொல்லு. இந்த வீடு எப்படி?"

ராஜசேகர் குறுக்கே வந்தார். "மேடம், வெண்டிலேஷன்லாம் பாத்தீங்கன்னா…"

"நீங்க இருங்க சார். குடியிருக்கிற பிள்ளை சொல்லட்டும்."

பாண்டிச்செல்வி ராஜசேகரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"காத்து நல்லா வருதுக்கா. ஏரிப் பக்கத்துலேருந்து அடிக்குது, அடுப்படி ஜன்னலைத் தெறந்தா ஃபேனே வேண்டாம். ஆனா பெட்ரூம் மேக்க பாத்திருக்கு. சாயங்காலம் வந்து சொவத்தைத் தொட்டா தோசைக்கல்லு மாதிரி சுடும். ராத்திரி கன்டெய்னர் லாரி போற சத்தம் கேக்கும், பழகிரும். கட்டிலைப் பாத்து ஏமாந்துராதிய. அது குட்டைக் கட்டிலு. நெசக் கட்டிலைப் போட்டா அலமாரிக் கதவு முழுசாத் தெறக்காது."

ராஜசேகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கமாரி உள்ளே போய்க் கட்டிலைச் சாணால் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கிழக்கு பாத்த வீடு இருக்கா சார்?"

"ரெண்டாவது மாடியில இருக்கு மேடம்," என்றார் அவர், உயிர் வந்தவராக.

"நாங்க குடியிருக்க வாங்கலை. வாடகைக்கு விடத்தான். ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால். எட்டுப் பேரைப் போட்டா லோன் தானா அடஞ்சிரும்." கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவர் இரண்டாம் முறை உப்புமா போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டடத்தில் விளக்கு எரியப்போகும் ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் இப்படித்தான் தலைகளை எண்ணுவார்கள் என்று பாண்டிச்செல்விக்குத் தோன்றியது.

"எட்டுப் பேரு ஆகாதுக்கா," என்றாள்.

"ஏன் ஆகாது? நாங்க பத்து பேரு இருந்தோம். ஒரே ரூமு, ஒரே கக்கூஸு."

"நல்லா இருந்துச்சா?"

நம்பிராஜன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவளுக்குக் கல்லடைப்பு வந்துச்சும்மா. வரிசையில நிக்கப் பயந்து தண்ணியே குடிக்க மாட்டா."

"அதை எதுக்கு இங்க சொல்லுதிய?" என்று அதட்டினாள் தங்கமாரி. அப்புறம் பாண்டிச்செல்வியிடம் திரும்பினாள். "சரி, நீயே சொல்லு. எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. எங்க கிளாஸ்ல இடம் தேடி அலையிற பிள்ளைக இருக்காளுவ. காலேஜ் முடியுற வரைக்கும் மாற மாட்டோம். மாசாமாசம் ஆள் தேடுற அலைச்சல் உங்களுக்கு இருக்காது. வீட்டை நாங்க கண்ணாடி மாதிரி வச்சுக்குவோம். வந்து போன தடமே தெரியாம வச்சுக்கிறது எனக்கு நல்லாப் பழகிருக்கு."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு ராஜசேகர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

தங்கமாரி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாண்டிச்செல்வியின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டாவது மாடியைப் பார்க்கப் போய்விட்டாள். உப்புமாவில் ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. பாண்டிச்செல்வி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுடிதாரை ஈரத்தோடே மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பிடித்தாள். தேர்வில் தலை சுற்றத்தான் செய்தது. ஆனாலும் எழுதிவிட்டாள்.

சாயங்காலம் ராஜசேகர் அவளுக்காகக் காத்திருந்தார். கொஞ்சம் தள்ளித் தாண்டவராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் மேல தப்பில்ல சார். நான்தான்…"

"பேசாதே." அவர் பெருமூச்சு விட்டார். "நான் வாலாஜாபாத்ல வாடகை வீட்ல இருக்கேன். தினம் இவ்ளோ தூரம் வந்து ஊருக்கெல்லாம் வீடு விக்கறேன். எனக்கு இதுல ஒரு பாத்ரூம்கூட வாங்க முடியாது. நீ ஓசில முழு வீட்டுல இருந்திருக்கே!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார். "இன்னிக்கே காலி பண்ணு. சண்டே வேலைக்கு மட்டும் வா. யாராவது கேட்டா கட்டிலைப் பத்திப் பேசாதே."

வளைகாப்பிலிருந்து திரும்பி வந்த மரகதம் கொட்டகையில் ஒரு பாயை அதிகமாக விரித்தாள். வெயில் காலம். பகலில் தகரம் கொதிக்கும். பாண்டிச்செல்வி நூலகம் மூடுகிற வரைக்கும் கல்லூரியிலேயே கிடந்தாள். படித்து முடிக்காத பாடமே இல்லை என்று ஆயிற்று. இரண்டு வாரம் தங்கமாரியிடமிருந்து தகவலே இல்லை. பிறகு ஒரு மதியம் போன் வந்தது.

"வீட்டை முடிச்சாச்சுட்டி. கிழக்கு பாத்தது. ஆறு பேரு."

"அஞ்சுக்கா."

"லோனை நீயா கட்டுத?"

"ஆறுன்னா ரெண்டு பாத்ரூம்லயும் கீசர் போட்டுத் தரணும்."

"நீ கெமிஸ்ட்ரி படிக்கிறியா, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்று கேட்டாள் தங்கமாரி. ஆறு பேர், இரண்டு கீசர் என்று முடிந்தது. வெளியே கேட்கிற வாடகையை விடக் குறைவு. ஆனால் பாண்டிச்செல்வியும் தோழிகளும் நினைத்திருந்ததை விட அதிகம். ஆறு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்து, காலையில் கேண்டீன் டீயை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

கட்டி முடித்து வீடுகளை வாங்கியவர்களிடம் ஒப்படைத்த ஆனி மாதத்தில் அவர்கள் குடிபுகுந்தார்கள். அப்போது லிஃப்ட் ஓடத் தொடங்கவில்லை. பாண்டிச்செல்வியின் வகுப்புத் தோழிகள் கவிப்பிரியாவும் கனிஷ்காவும் ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் படியேற்றுவதற்குள் சத்தம் போட்டுப் பாதிக் கட்டடத்தையே எழுப்பிவிட்டார்கள். மரகதம் பால் காய்ச்ச வந்தாள். பால் பொங்கும்போது மூச்சு வாங்க ஏறி வந்த தங்கமாரி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பவே சொல்லிட்டேன். அடுத்த ஜூன்ல வாடகை ஏறும்."

"அதை ஜூன்ல பேசுவோம்க்கா," என்று டம்ளரை நீட்டினாள் பாண்டிச்செல்வி. "மொதல்ல இந்த ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலைக் கம்பி வேணும். காலையில வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும்."

தங்கமாரி பாலை ஊதிக் குடித்துக்கொண்டே எழுந்து, ஜன்னலை அளக்கப் போனாள்.