கௌசர் செய்த கல்

கௌசர் மண்ணில் செய்த கல்லின் அடிப்பாகத்தைச் சமமாக்க ஆல்வின் கம்பியால் ஒரு வில்லை அறுத்தபோது, அறுத்த இடத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தார். நூல்போல் நீண்ட தோல் துணுக்கு. பக்கத்திலேயே இன்னும் இரண்டு.

"இன்னா கௌசரு இது?"

"தோலுண்ணா. வீட்ல ஷூவுக்கு மேல்தோலு வெட்ற எடத்துலதான் மண்ணு பெசஞ்சேன். கடைசி நாலு வாளிய வடிகட்டல."

மாதனூரில் ஆல்வினின் பட்டறையில் கௌசர் கோப்பைகள் செய்கிறாள். கோணிப்போனவை, சீவியபோது விழுந்தவை எல்லாவற்றையும் ஊறவைத்து, ஆம்பூரில் தன் வீட்டுக்கு பஸ்ஸில் சுமந்து போய்ப் பிசைந்த மண் அது. அவள் முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த சீனர் ஒருவர் தன் போனில் ஒரு கல்லைக் காட்டியிருந்தார். குகையும் முகடுமாக ஒரு முழ உயரம். அங்கே படித்தவர்கள் மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். கோப்பைகள் ஆல்வின் சொன்ன அளவு. அதைப் பார்த்து மண்ணில் செய்த இந்தக் கல் மட்டும் நான்கு மாதமாக அவள் கை போன போக்கு.

"உள்ள எவ்ளோ இருக்கோ. சூளையில வெடிச்சா சுத்தி இருக்கிற கப்பெல்லாம் காலி. கரைச்சுட்டு மறுபடி செய்யி."

"இந்தக் கரையான் புத்தையா? புருஷனக் கூட கரைச்சுடுவா, இத மாட்டா" என்றாள் பக்கத்தில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த மோகனா.

கௌசர் சிரிக்கவில்லை. "தனியா சுடுங்கண்ணா. அந்த கேஸ் செலவுக்கு நாலு ஞாயித்துக்கெழம வந்து வேல செய்றேன். நெருப்புல ஒடஞ்சா ஒடையட்டும். என் கையால கரைக்க முடியாது."

மூன்று வாரம் காயவைத்துச் சூளையில் ஏற்றினார்கள். பகல் முழுக்கத் தோல் கருகும் நாற்றம். மதியம் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கௌசர் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் அன்று அவள் செய்த கோப்பை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தார்கள். உச்சியில் ஒரு சில்லு போயிருந்தது. மற்றபடி கல் நின்றது. அவள் குடைந்த குகைகள் ஐந்து. இப்போது உடம்பெல்லாம் துளை. தோல் எரிந்துபோன வழி ஒவ்வொன்றும் நூல் நூலாக வளைந்து மறுபக்கம் திறந்திருந்தது. துளைகளின் ஓரத்தில் இளம்பச்சை.

ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோலு பதம் பண்ற குரோம் உப்பும்மா. எரிஞ்சா பச்சையாவும். தெரிஞ்சே போட்டிருந்தாலும் எனக்கு இப்டி வராது."

மோகனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கௌசர் தொடப்போன கையைப் பாதியில் நிறுத்தினாள்.

ஆல்வின் போன் லைட்டைப் போட்டுப் பெரிய குகைக்குள் நுழைத்தார். சூளையின் இருண்ட செங்கல் சுவரெங்கும் வெளிச்சப் புள்ளிகள் ஏறின. போனை மெல்லத் திருப்பினார். அத்தனை புள்ளிகளும் ஒன்றாக அசைந்தன.